நிகழ்வு ஆய்வு: ஓர் அச்சகக் கணினியில் திரை உறைந்த எட்டு வாரங்கள்

பின்னணி

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த அச்சகம். நடத்துபவர் அறுபதை நெருங்கும் ஓர் அக்கா. வேலைக்கு ஒரு பெண் இருக்கிறார்; மாலையில் அக்காவின் தங்கை மகன் வந்து உதவுவான். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பேனர் எல்லாம் செய்வார்கள். ஆனால் பலரும் தேடி வருவது கண்ணீர் அஞ்சலி அட்டைக்கும் 16-ஆம் நாள் கருமக்கிரியை அழைப்புக்கும்தான். காலையில் துக்க வீட்டிலிருந்து ஆள் வந்தால் மதியத்துக்குள் அட்டை கையில் இருக்கும். அதனால்தான் அந்தக் கடையில் கணினி நிற்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

மேசையில் இரண்டு திரைகள். ஒன்று அக்காவைப் பார்த்து இருக்கும், மற்றது வாடிக்கையாளரைப் பார்த்து. பேரப்பிள்ளைகள் வரை எல்லாப் பெயரும் சரியாக இருக்கிறதா என்று குடும்பத்தார் தங்கள் பக்கத்துத் திரையில் வாசித்து, தலையாட்டிய பிறகுதான் அச்சுக்குப் போகும். இந்த இரண்டாவது திரை பின்னால் ஒரு முடிவை மாற்றியது, அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

கணினி 2013-இல் ஒரு கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. கோர் ஐ5 3470 புரோசஸர், 8 ஜிபி நினைவகம், திரைக்குப் படம் வரையும் 1 ஜிபி ஜிடிஎக்ஸ் 650 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் என்று எழுதிய பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் பெட்டி). இடையில் ஓர் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள். விண்டோஸ் 10. புதுக் கணினி வாங்காததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில் செய்த ஆயிரக்கணக்கான கோரல்ட்ரா (வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் அதில் இருந்தன. போன வருடத் திருவிழா நோட்டீஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வருபவர்கள் நிறைய. அந்த எழுத்துருக்கள் இல்லாத வேறு கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் படிக்க முடியாதபடி கலைந்து நிற்கும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். தெரிந்தவர்களின் கணினியை சனிக்கிழமைகளில் பார்த்துக் கொடுப்பது வழக்கம். அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 2024: திரையில் கண்டது

தீபாவளி முடிந்த பத்து நாளில் அக்கா போன் செய்தார். "தம்பி, ஸ்கிரீன் அப்படியே நின்னுபோவுது. கொஞ்ச நேரம் கறுப்பா ஆயி திரும்ப வருது. சில சமயம் வரவே மாட்டேங்குது. ரேடியோ மட்டும் பாடிக்கிட்டே இருக்கு."

ரேடியோ பற்றி அவர் சொன்னது முக்கியமான தகவல். கடையில் மின்னல் பண்பலையை அந்தக் கணினியில்தான் இணையம் வழியாகப் போட்டிருப்பார்கள். படம் உறைந்த பிறகும் பாட்டு ஓடுகிறது என்றால் புரோசஸர் உயிரோடு இருக்கிறது, இணையம் இருக்கிறது, திரைக்குப் படம் வரையும் பக்கம் மட்டும்தான் நின்றிருக்கிறது.

நவம்பர் 16, சனிக்கிழமை நேரில் போனேன். நான் இருந்த மூன்று மணி நேரத்தில் இரண்டு முறை நின்றது. முதல் முறை தானாகவே திரும்பியது. இரண்டாம் முறை விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு பி-யைத் தட்டினேன். கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளை, மறுபடி தொடங்க வைக்கும் சாவிக்கூட்டு அது. ஒரு பீப் ஒலி கேட்டது, திரை வந்துவிட்டது. கோரல்ட்ரா மட்டும் மூடிக்கொண்டது.

விண்டோஸ் தனக்கு நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 4101 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள். டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்றது, பிறகு மீண்டது என்பதே அதன் பொருள். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு காவல் ஏற்பாட்டின் பதிவு இது. கிராஃபிக்ஸ் சில்லுக்கு ஒரு வேலை கொடுத்து, 2 நொடிக்குள் அது முடிக்கவுமில்லை, வேலையை விட்டுக்கொடுக்கவுமில்லை என்றால், விண்டோஸ் டிரைவரைத் தூக்கி நிறுத்திப் புதிதாகத் தொடங்கும். மீட்க முடியாமல் போனாலோ, ஒரே நிமிடத்தில் பல முறை இப்படி ஆனாலோ கணினி முழுதாக நின்று நீலத்திரைதான்.

அந்தப் பதிவில் 'டிரைவர்' என்ற சொல் இருந்தது. அடுத்த மூன்று வாரம் நான் அந்தச் சொல்லின் பின்னாலேயே போனேன்.

எனக்கு முன் நடந்த வைத்தியம்

தங்கை மகன் சும்மா இருக்கவில்லை. அவன் செய்ததில் இரண்டைத் திருப்ப வேண்டியிருந்தது.

இந்தக் கார்டுக்கு எங்கோ படித்த ஆலோசனைப்படி மிகப் புதிய டிரைவரைப் போட முயன்றிருக்கிறான். ஜிடிஎக்ஸ் 650 கெப்ளர் தலைமுறைக் கார்டு. அந்தத் தலைமுறைக்கு, கார்டின் சில்லைச் செய்யும் என்விடியாவின் 470 வரிசையோடு வழக்கமான டிரைவர் வளர்ச்சி 2021-இல் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 செப்டம்பர் வரை வந்தன. ஆகவே புதிய டிரைவர் ஏற மறுத்தது. அவன் விடவில்லை, தானாக டிரைவர் தேடிப் போடும் ஒரு மென்பொருளை இறக்கி, அதன் கையில் கொடுத்துவிட்டான். அது என்னென்ன கலைத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு ஒரு மாலை போனது.

மற்றது விண்டோஸின் அமைப்புகள் சேமித்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில். அந்த 2 நொடிக் கெடுவை 10 நொடியாக நீட்டியிருந்தான். அதற்கு டிடிஆர் டிலே என்று ஒரு மதிப்பு உண்டு. கெடுவை நீட்டினால் பிழைச் செய்தி குறையும் என்பது அவன் கணக்கு. சில்லு உண்மையிலேயே மெதுவாக வேலை செய்து கொண்டிருந்தால் அது பலிக்கும். சில்லு தொங்கிப் போயிருந்தால் 2 நொடியில் மீண்டிருக்க வேண்டிய திரை 10 நொடி கழித்துத்தான் மீளும். இங்கே நடந்தது இரண்டாவது. அக்கா "இப்பல்லாம் ரொம்ப நேரம் நிக்குது" என்று சொன்னதற்குக் காரணம் இதுவே. அந்த மதிப்பை நீக்கினேன்.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடைக்காக இரவு பதினொன்று வரை உட்கார்ந்து செய்திருக்கிறான். செய்தது எதையும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் சிக்கலாகிப்போனது.

முதல் முடிவு: டிரைவரைச் சுத்தமாக மாற்றுவது

இரண்டு மூன்று டிரைவர்களின் மிச்சம் மீதி கலந்து கிடக்கும்போது வேறு எதைச் சோதித்தாலும் முடிவை நம்ப முடியாது. எனவே முதலில் இதைச் செய்தேன். இன்றும் இது தவறான முதல் படி என்று நினைக்கவில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு, குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியால் எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். பிறகு அந்தக் கார்டுக்கென்று கடைசியாக வந்த டிரைவரை மட்டும் போட்டேன். விண்டோஸ் தானாக டிரைவர் மாற்றாதபடி அமைப்பை மூடினேன்.

அதே நாள் பெட்டியைத் திறந்து தூசும் எடுத்தேன். கடை வாசல் தெருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கும், கடல் காற்று வேறு. கார்டின் விசிறிக்குள் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. வேலை ஓடும்போது 84 டிகிரி காட்டிய சில்லு, தூசு எடுத்து, சூட்டைக் கடத்தும் பசையை மாற்றியபின் 66-க்கு வந்தது. இந்தக் கார்டின் உச்ச வரம்பு 98 டிகிரி. ஆகவே 84-இலும் அது வரம்புக்குள்தான் இருந்தது.

இங்கே நான் செய்த தவறு, ஒரே நாளில் இரண்டு மாற்றம். குணமானால் எதனால் குணமானது என்று சொல்ல முடியாது. ஆறு நாள் ஒரு தொல்லையும் இல்லை. அக்கா மகிழ்ந்து போய் வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார். ஏழாம் நாள் மறுபடி நின்றது.

அந்த ஆறு நாள் அமைதி ஏன் என்று பிறகு பார்த்தேன். தீபாவளி வேலைகள் முடிந்து, அடுத்தவை தொடங்காத வாரம் அது. நாளுக்கு இரண்டு மூன்று அச்சு மட்டுமே போயிருக்கிறது. வேலை இல்லாததால் நிற்கவில்லை. என் கைவைத்தியம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முடிவு: கார்டை மாற்றுவது

நவம்பர் 30 அன்று கார்டைக் கழற்றிவிட்டேன். ஐ5 3470-க்குள்ளேயே எச்டி 2500 என்ற சிறிய கிராஃபிக்ஸ் பகுதி இருக்கிறது. திரையை மதர்போர்டின் விஜிஏ துளையில் மாட்டி ஐந்து நாள் அப்படியே ஓட்டச் சொன்னேன். ஐந்து நாளும் ஒருமுறைகூட நிற்கவில்லை. இந்த முறை வேலையும் நிறைய இருந்தது.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல் இருந்தது. கார்டு இருந்தால் நிற்கிறது, இல்லையென்றால் நிற்கவில்லை. பதினோரு வருடக் கார்டு சாகிறது, அவ்வளவுதான்.

அக்கா கேட்டார்: "அதுலயே ஓடட்டுமே தம்பி, எதுக்குச் செலவு?" நியாயமான கேள்வி. ஆனால் அந்த மதர்போர்டில் ஒரே ஒரு திரைக்குத்தான் இடம். வாடிக்கையாளர் பக்கத் திரை இருண்டு கிடந்த அந்த ஐந்து நாளில் ஒரு நினைவஞ்சலி அட்டையில் மருமகன் பெயர் விட்டுப்போய், திரும்ப அச்சடித்திருந்தார்கள். அது நிகழக்கூடாத பிழை. சரி, கார்டு வேண்டும் என்று முடிவானது.

டிசம்பர் 7, ஜார்ஜ்டவுன் கொம்தார் கட்டடத்தின் பக்கத்தில் கைமாறிய ஜிடி 1030 கார்டு ஒன்றை 140 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி மாட்டினேன். 2 ஜிபி, 30 வாட் மட்டுமே எடுக்கும், தனி மின்கம்பி தேவையில்லை. பழைய கார்டு 64 வாட் எடுப்பது. திங்கள்கிழமை முழுக்க ஓடியது.

கார்டைக் கழற்றிப் பார்த்த சோதனை ஒரே நேரத்தில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறது என்று அப்போது எனக்குப் படவில்லை. கார்டு கெட்டதா என்பது ஒன்று. பவர் சப்ளையின் தோளிலிருந்து 60 வாட் சுமையை இறக்கினால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரேமாதிரி வந்தது. நான் முதல் கேள்விக்கு மட்டும் எழுதிக்கொண்டேன்.

டிசம்பர் 10

செவ்வாய்க்கிழமை காலை. அப்பாவை இழந்த ஒரு குடும்பம் வந்திருந்தது. மூன்று பிள்ளைகளும் நின்று பெயர்களை வாசித்துக் கொண்டிருந்தார்கள். அக்கா மாதிரி ஒன்றை அச்சுக்கு அனுப்பினார். அவர்கள் கண்ணெதிரே அப்பாவின் படம் பாதியில் உறைந்து, இரண்டு திரையும் கறுத்தன. இந்த முறை மீளவில்லை. கணினியை அணைத்துப் போட வேண்டியதாயிற்று. சேமிக்காத பகுதி போய்விட்டது, அக்கா முதலிலிருந்து தட்டினார். முக்கால் மணி நேரத் தாமதம். "பரவாயில்லம்மா, மெதுவா செய்யுங்க" என்று மூத்த மகன் சொன்னாராம்.

அன்று இரவு வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். ஈவென்ட் வியூவரில் அதே 4101. கார்டு வேறு, சில்லுத் தலைமுறை வேறு, டிரைவர் வேறு. மூன்றும் மாறியும் நோய் மாறவில்லை என்றால் அது இந்த மூன்றிலும் இல்லை.

கடை சாத்தும் நேரம். கூட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்: "எப்போ எப்போ நிக்குதுன்னு ஏதாவது கவனிச்சியாம்மா?"

"பிரிண்டர் எழும்பறப்பதான் அண்ணே நிக்கும். லைட்டும் ஒரு தடவ மங்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க டிரைவர்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அது என்னான்னு தெரியாது. யாரும் என்னைக் கேக்கலையே அண்ணே."

மூன்று வாரமாக அந்த இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் அவர். நான் அக்காவைக் கேட்டேன், பையனைக் கேட்டேன், கணினியைக் கேட்டேன். அவரைக் கேட்கவில்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நோட்டும் பதிவேடும்

அவர் சொன்னதை உடனே உண்மை என்று எடுத்துக்கொண்டு எதையாவது மாற்றினால் நான் மறுபடி பழைய தவறைத்தான் செய்வேன். அதனால் இரண்டு வாரம் எதையும் தொடாமல் எழுதி மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மேசையில் ஒரு நோட்டு. திரை நின்றால் நேரம், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, விளக்கு மங்கியதா, இவற்றை அந்தப் பெண் எழுதுவார்.

கணினியும் தன் பக்கம் எழுத வேண்டும். ஈவென்ட் வியூவருக்குள் பிரிண்ட் சர்வீஸ் என்ற பிரிவில் ஆபரேஷனல் என்று ஒரு பதிவேடு உண்டு. விண்டோஸ் அதை மூடியே வைத்திருக்கும், நாமே திறந்துவிட வேண்டும். திறந்தால் அச்சான ஒவ்வொரு ஆவணமும் 307 என்ற எண்ணில் நேரத்தோடு விழும். வெப்பத்தை அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு வெப்பமும் கோப்பில் சேரும்படி செய்தேன்.

டிசம்பர் 24 வரை 31 முறை நின்றிருந்தது. 4101 பதிவையும் 307 பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 26 இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் ஓர் அச்சு இருந்தது. அதிலும் ஓர் ஒழுங்கு. அடுத்தடுத்து பத்து அச்சு போனால் முதல் அச்சில் மட்டும்தான் நிற்கும். மற்ற ஒன்பதும் ஒழுங்காகப் போகும். பிரிண்டர் கொஞ்ச நேரம் சும்மா கிடந்து தூங்கி, அடுத்த வேலைக்கு எழும்பும் தருணத்தில்தான் கோளாறு. மீதி ஐந்தில் மூன்று, அட்டைக்கு பிளாஸ்டிக் போர்த்தும் லேமினேட்டரைச் சூடேற்றும்போது. இரண்டுக்கு நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நின்ற எல்லா நேரத்திலும் கார்டின் வெப்பம் 60-க்குள்.

லேசர் பிரிண்டருக்குள் மையைத் தாளோடு உருக்கி ஒட்டும் ஓர் உருளை இருக்கிறது. அது ஆறிக் கிடந்து திடீரென்று சூடாக வேண்டியபோது சில நூறு வாட்டிலிருந்து ஆயிரம் வாட் தாண்டியும் ஒரே மூச்சில் இழுக்கும். தொடங்கும் கணத்தில் இழுப்பு இன்னும் அதிகம். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கணினி, இரண்டு திரை, லேசர் பிரிண்டர், லேமினேட்டர், கெட்டில் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில். வயர் மெல்லிசு. பிளக்கைத் தொட்டால் சுட்டது, ஒரு முனை பழுப்பேறியிருந்தது. கணினிக் கோளாறை விட்டுத் தள்ளினாலும் அது தீப்பிடிக்கக்கூடிய நிலை.

அளந்து பார்த்தது

எங்கள் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் காரணமில்லாமல் நின்றால் நாங்கள் முதலில் பார்ப்பது மின்சாரத்தைத்தான். கணினி என்றதும் அந்தப் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தேன். டிசம்பர் 24 இரவு மல்டிமீட்டரோடு போனேன்.

பவர் சப்ளையில் பயன்படாமல் தொங்கிய நாலுமுள் கம்பியில், மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தேன். 12 வோல்ட் தடம் அது. 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது விதி, அதாவது 11.40-க்குக் கீழே போகக்கூடாது. சும்மா இருக்கையில் 11.86. பெரிய கோப்பைத் திறந்து வேலை கொடுத்தால் 11.58. பிறகு மீட்டரைக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் முறைக்கு மாற்றி, தூங்கிக் கிடந்த பிரிண்டருக்கு ஒரு தாள் அனுப்பினேன். விளக்கு மங்கியது, திரை நின்றது, மீட்டரில் 11.12. சாதாரண மீட்டர் மெதுவானது, கண நேரச் சரிவை முழுதாகப் பிடிக்காது. உண்மையான சரிவு அதைவிட ஆழமாகவே இருந்திருக்கும்.

கார்டுக்குத் தீனி பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான் போகிறது. அது சறுக்கியபோது சில்லு கையிலிருந்த வேலையை முடிக்காமல் தொங்கியது. 2 நொடி காத்திருந்த விண்டோஸ் டிரைவரைக் கூப்பிட்டது, டிரைவரிடம் பதில் இல்லை, டிரைவர் பெயரில் பதிவு விழுந்தது.

நல்ல பவர் சப்ளை சுவர் மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் உள்ளே தேக்கி வைத்ததைக் கொண்டு 16, 17 மில்லிவினாடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும். நம்முடைய மின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லிவினாடி என்பதால், ஏறக்குறைய ஒரு சுற்று. அந்தத் தேக்கம் கெப்பாசிட்டர்களில் இருக்கிறது. அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும்; 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பதினோரு வருடம் குளிர்சாதனம் இல்லாத கடையில், தூசடைந்த பெட்டிக்குள். காற்றுத்துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது தெரிந்தது. பவர் சப்ளையைத் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் யாரும் அதைத் திறக்கவே வேண்டாம்.

லேபிளையும் அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். மேலே பெரிதாக 450 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்தான். புரோசஸருக்கு 77, பழைய கார்டுக்கு 64 என்று கூட்டினால் புதிதாக இருக்கும்போது போதும். வயதான பின் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

சரிசெய்தது

இந்த முறை ஒன்று ஒன்றாக.

டிசம்பர் 25, கடை விடுமுறை. பிரிண்டரையும் லேமினேட்டரையும் எதிர்ச்சுவரில் இருந்த தனித்தனி சாக்கெட்டுக்கு மாற்றினோம். சுட்டுக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷனைக் குப்பையில் போட்டோம். வேறு எதையும் தொடவில்லை. ஜனவரி 3 வரை நின்றது மூன்றே முறை. முன்பு சில நாள்களில் ஒரே நாளில் அவ்வளவு நிற்கும்.

யூபிஎஸ் வாங்கலாமா என்று பையன் கேட்டான். கணினிக்கு வாங்கினால் நல்லதே. ஆனால் லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸின் பேட்டரித் துளையில் மாட்டக்கூடாது, அந்த இழுப்பை அது தாங்காது. மேலும் உள்ளே உப்பிய கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு வெளியே யூபிஎஸ் வைப்பது, ஓட்டைக் குடத்துக்கு மூடி வாங்குவதுபோல. முதலில் பவர் சப்ளை என்றேன்.

ஜனவரி 4, சனிக்கிழமை. 80 பிளஸ் பிரோன்ஸ் (வெண்கலம்) என்ற செயல்திறன் தரத்தில் 450 வாட் புதிய பவர் சப்ளை ஒன்று, 165 வெள்ளி. வாங்கும்போது 12 வோல்ட் ஆம்பியரைப் பார்த்துத்தான் எடுத்தேன். மாட்டியபின் அளந்தால் சும்மா இருக்கையில் 12.09.

பிறகு வேண்டுமென்றே பழைய நிலையை உண்டாக்கிப் பார்த்தோம். வேறோர் எக்ஸ்டென்ஷனில் கணினியையும் பிரிண்டரையும் ஒன்றாக மாட்டி, பிரிண்டரைத் தூங்கவிட்டு, எழுப்பி, பத்து முறை. விளக்கு ஒவ்வொரு முறையும் மங்கியது. திரை ஒருமுறையும் நிற்கவில்லை. மீட்டரில் குறைந்த அளவு 11.94. பழைய ஜிடிஎக்ஸ் 650-ஐத் திரும்ப மாட்டி இன்னும் பத்து முறை. அதிலும் நிற்கவில்லை. அந்தக் கார்டு ஆரம்பம் முதலே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் பிரிண்டரைச் சுவருக்கே திருப்பினோம்.

அக்காவிடம் சொன்னேன், 140 வெள்ளிக் கார்டு என் கணிப்புத் தவறால் வாங்கியது, அந்தப் பணத்தை நான் தருகிறேன் என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜிடி 1030-க்கு அப்போதும் புதிய டிரைவர்கள் வந்துகொண்டிருந்தன, சூடும் குறைவு. அதையே வைத்துக்கொண்டோம். பழையது உறையில் போட்டு, 'நல்லது' என்று எழுதி அலமாரியில் இருக்கிறது.

பின்னர்

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. ஜனவரி முழுக்க பேனர் வேலை. இரவு ஒன்பது, பத்து வரை கடை திறந்திருந்தது. அந்த ஐந்து வாரத்தில் 4101 ஒன்றுகூட இல்லை.

மார்ச் 12 அன்று ஒன்று விழுந்தது. அந்தப் பெண் நோட்டில் நேரத்தோடு எழுதி, எனக்குப் படமும் அனுப்பியிருந்தார். பிரிண்டர் அப்போது ஓடவில்லை, விளக்கும் மங்கவில்லை. 20 அடிப் பேனர் ஒன்றை முழு அளவிலேயே வைத்து, எழுத்துகளுக்கு மேல் மேலாக மென்னிழல் போட்டிருக்கிறார்கள். இது உண்மையிலேயே 2 நொடிக்குள் முடிக்க முடியாத வேலை. பேனர் தொழிலில் பலரும் செய்வதுபோல் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து, அச்சுக்குப் போகும்போது பெரிதாக்கச் சொன்னேன். அதன்பின் வரவில்லை. நோட்டு இல்லாவிட்டால் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, பவர் சப்ளை வீண், பழைய நோய் திரும்பிவிட்டது என்று எல்லோருமே நினைத்திருப்போம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே புகார் மறுபடி வந்தால் முதல் நாளே நோட்டு வைப்பேன். இரண்டு வாரம் வேண்டாம், மூன்று நாள் போதும். எது நடக்கும்போது நிற்கிறது என்ற கேள்வியைக் கடையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும், வேலைக்கு வருபவரிடம் முதலில், கேட்பேன்.

டிரைவரைச் சுத்தம் செய்வதை விடமாட்டேன். கலப்படம் இருந்தால் அது கண்ணை மறைக்கும், செலவும் இல்லை. ஆனால் அதே நாளில் தூசு எடுக்கமாட்டேன்.

கார்டைக் கழற்றிச் சோதித்தால், முடிவு சொல்லும் முன் இன்னொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி, கார்டோடு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பேன். என் வீட்டிலேயே ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்திருந்தால் டிசம்பர் 10 நிகழ்ந்திருக்காது, 140 வெள்ளியும் மிஞ்சியிருக்கும். 2010-க்களில் பொருத்திய எந்தக் கணினியைத் திறந்தாலும் பவர் சப்ளையின் 12 வோல்ட் ஆம்பியரையும், பிளக்கின் சூட்டையும் இப்போது முதலில் பார்க்கிறேன். மீட்டர் பையிலேயே இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மூன்றாம் தலைமுறை ஐ5-ஐ விண்டோஸ் 11 ஏற்காது. ஆகவே இந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பழைய எழுத்துருக் கோப்புகளைத் திறக்க மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். அன்றாட வேலைக்குப் புதிது வாங்க அக்கா பணம் சேர்க்கிறார். அது வருவதற்கு முன் மேசைக்குப் பின்னால் தனியாக இரண்டு சாக்கெட் இழுக்க ஒயர்மேனுக்குச் சொல்லியாகிவிட்டது.